இறக்கத்தில் இரண்டாம் கியர்: தன்னியக்கக் காரில் கையால் கியர் மாற்றும் முறை

தொடர்புடைய அலகுகள்: வேலை, சக்தி, வலு, விசையின் திரும்பல் விளைவு, உராய்வு, வெப்பம், அமுக்கம்

மாணவர்களே, தன்னியக்கக் கியர் கொண்ட காரொன்றின் முன் ஆசனத்தில் அமர்ந்து செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் கியர் லீவரின் அருகே உள்ள எழுத்துகளைப் பாருங்கள். பீ என்பது தரிப்பு, ஆர் என்பது பின்செலுத்தல், என் என்பது நடுநிலை, டீ என்பது முன்செலுத்தல். இவற்றை அநேகர் அறிவர். சில கார்களில் டீயின் பக்கத்தில் எம் என்ற எழுத்தும் அதன் மேலும் கீழும் +, − என்ற குறிகளும் காணப்படும். வேறு சிலவற்றில் இக்குறிகள் ஸ்ரேரிங் சில்லின் பின்புறத்தில் இரண்டு சிறு தகடுகளாக அமைந்திருக்கும். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் காரில் கையால் மாற்றும் ஒழுங்கு எதற்கு? இக்கேள்விக்கு விடை சொல்லத் தேவையான விஞ்ஞானம் முழுவதும் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளது. எனவேதான் இதனை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

நீங்கள் இன்னும் வாகனம் செலுத்தும் வயதை அடையவில்லை. இலகுரக வாகனத்துக்கு 18 வயது பூர்த்தியாக வேண்டும். ஆயினும் நுவரெலியாவுக்குச் சுற்றுலா சென்று திரும்பும்போது சாரதிக்கு அருகில் இருப்பவர் பெரும்பாலும் நீங்களே. அவர் என்ன செய்கிறார் என்பதை விளங்கிக்கொள்வது பரீட்சைக்கு மாத்திரம் உதவும் விடயமன்று.

கியர் செய்யும் வேலை

கியர்த்தொகுதி சக்தியை உண்டாக்குவதில்லை. எஞ்சின் தரும் வலுவை வேறொரு வடிவில் சில்லுகளுக்குக் கொடுப்பதே அதன் தொழில். வலு என்பது திருப்பத்தினதும் சுழற்சிக் கதியினதும் பெருக்கத்தில் தங்கியுள்ளது. உராய்வு இழப்பைப் புறக்கணித்தால், சுழற்சிக் கதி எத்தனை மடங்கு குறைகிறதோ திருப்பம் அத்தனை மடங்கு கூடும். முதலாம் கியரில் சில்லு மெதுவாகச் சுழலும், ஆனால் பலமாகச் சுழலும். மேல் கியரில் வேகமாகச் சுழலும், ஆனால் பலம் குறைவு. "கியர் குறைந்தால் வலு கூடும்" என்று எழுதும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். கூடுவது வலு அன்று, திருப்பம். இந்த ஒரு சொல்லுக்காகப் புள்ளியை இழக்காதீர்கள்.

சாதாரண காரில் சாரதி கிளச்சை மிதித்துக் கையால் கியரை மாற்றுவார். தன்னியக்கக் காரில் கிளச்சு மிதி இல்லை. எஞ்சினுக்கும் கியர்த்தொகுதிக்கும் இடையில் எண்ணெய் நிரம்பிய முறுக்க மாற்றி என்னும் பகுதி உண்டு. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை இயக்கினால், அதன் காற்றுப் பட்டு மற்றையதும் சுழலத் தொடங்கும் அல்லவா? அதே தத்துவம்தான், காற்றுக்குப் பதிலாக எண்ணெய். இதனால் கார் நின்றுகொண்டிருக்கும்போதும் எஞ்சின் நின்றுவிடாமல் ஓட முடிகிறது. அதற்கு அப்பால் உள்ள பற்சில்லுத் தொகுதிகளை எண்ணெய் அமுக்கத்தால் இறுக்கியும் தளர்த்தியும் கியர்கள் மாற்றப்படுகின்றன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1939இல் அறிமுகப்படுத்தி, 1940ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பொருத்திய தன்னியக்கக் கியரிலும் எண்ணெய் இணைப்பே இருந்தது. கையால் மாற்றும் வசதியையும் சேர்த்து 1989இல் போர்ஷே நிறுவனம் தனது 911 காரில் 'ரிப்ட்ரோனிக்' என்ற பெயரில் கொண்டுவந்தது. பின்னர் ஏனைய நிறுவனங்களும் தத்தம் பெயர்களில் இவ்வசதியை வழங்கின.

கியரை எப்போது மாற்றுவது என்பதைத் தீர்மானிப்பது ஒரு கணினி. அது முக்கியமாக இரண்டு விடயங்களைப் பார்க்கிறது: கார் செல்லும் கதி, சாரதி அக்சிலேற்றரை மிதித்திருக்கும் அளவு. அதிகம் மிதித்தால் "இவருக்குப் பலம் வேண்டும்" எனக் கொண்டு கீழ் கியரைப் பிடித்து வைத்திருக்கும். காலை எடுத்தால் "பலம் தேவையில்லை" எனக் கொண்டு மேல் கியருக்குச் செல்லும். சமதரையில் இது மிகச் சரியான தீர்மானமாகும்.

இப்போது இறக்கத்தை நினைத்துப் பாருங்கள். சாரதி அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். கணினி மேல் கியருக்கு மாறுகிறது. கார் வேகமெடுக்கிறது. இறக்கத்தில் எமக்கு வேண்டியதோ கீழ் கியர்! புதிய கார்கள் பலவற்றில் சாய்வை உணர்ந்து கீழ் கியரைப் பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனாலும் அடுத்த வளைவுக்கு அப்பால் வீதி ஏறுகிறதா இறங்குகிறதா என்பது கணினிக்குத் தெரியாது. சாரதிக்குத் தெரியும். கையால் கியர் மாற்றும் முறை என்பது, கண்ணால் கண்டதைச் சாரதி கணினிக்குச் சொல்லும் வழியாகும்.

கணக்கில் பார்ப்போம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலும் கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இறம்பொடை வழியாக இறங்கும் வீதியை அறிந்தவர்களுக்கு அதன் வளைவுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அத்தகைய வீதியொன்றில், 100 மீற்றர் செல்லும்போது 8 மீற்றர் இறங்கும் 6 கிலோமீற்றர் நீளமான பகுதியை எடுத்துக்கொள்வோம். ஆட்களுடன் காரின் திணிவு 1200 கிலோகிராம். அது மணிக்கு 36 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 10 மீற்றர் என்னும் சீரான கதியில் இறங்குகிறது. புவியீர்ப்பு ஆர்முடுகலைச் செக்கனுக்குச் செக்கன் 10 மீற்றர் எனக் கொள்க.

காரின் நிறை 12 000 நியூற்றன். சாய்வு வழியே அதனைக் கீழே இழுக்கும் விசை 12 000 × 8 ÷ 100 = 960 நியூற்றன். வளித்தடையும் ரயர்களின் தடையும் சேர்ந்து 200 நியூற்றன் எனக் கொண்டால், கதி கூடாமல் இருப்பதற்கு இன்னும் 760 நியூற்றன் எதிர்விசை வேண்டும்.

வலு = விசை × வேகம் = 760 × 10 = 7600 உவாற்று. 2000 உவாற்று மின் கேத்தில்கள் நான்கை ஒரே நேரத்தில் கொதிக்க விட்டால் செலவாகும் வலு ஏறக்குறைய இவ்வளவுதான். 6 கிலோமீற்றரைக் கடக்க 600 செக்கன் செல்லும். எனவே அகற்ற வேண்டிய சக்தி 7600 × 600 = 4 560 000 யூல்.

காரின் கதி மாறாதபடியால் அதன் இயக்கசக்தி மாறவில்லை. இழந்த அழுத்தசக்தி எங்கே சென்றது? பிரேக்கினால் மாத்திரம் கதியைக் கட்டுப்படுத்தினால், மேலே கண்ட 4 560 000 யூலும் பிரேக் தட்டுகளில் வெப்பமாகிறது. நான்கு சில்லுகளின் பிரேக் தட்டுகளும் சேர்ந்து 20 கிலோகிராம் இரும்பு எனவும், இரும்பின் தன்வெப்பக் கொள்ளளவு ஒரு கிலோகிராமுக்கு ஒரு பாகைக்கு 450 யூல் எனவும் கொள்வோம். வெப்பநிலை ஏற்றம் = 4 560 000 ÷ (20 × 450) = ஏறக்குறைய 507 பாகை செல்சியசு.

காற்றுப் பட்டுத் தட்டுகள் குளிர்வதால் உண்மையில் இவ்வளவு ஏறாது. ஆனாலும் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை இந்த எண் காட்டுகிறது. மிகவும் சூடேறிய பிரேக் பாட்டின் உராய்வுக் குணகம் குறைகிறது. அதே அளவு மிதித்தால் முன்னையளவு பிடிக்காது. அதனிலும் பாரதூரமானது பிரேக் ஒயில் கொதிப்பது. டொட் 3 வகைப் பிரேக் ஒயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசு இருக்க வேண்டும் என்பது நியமம். அது வளியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேர்ந்த ஒயிலுக்கு நியமம் கேட்பது 140 பாகை மாத்திரமே. ஒயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை நெருக்க முடியாது என்பதாலேயே மிதியில் கொடுக்கும் அமுக்கம் சில்லு வரை செல்கிறது. ஆவியை நெருக்கலாம். ஆகவே சாரதி மிதிக்க, மிதி அடிவரை இறங்கிவிடும். சில்லில் ஒன்றும் நடக்காது. "பிரேக் அறுந்துவிட்டது" என்று பேச்சில் சொல்லப்படும் சந்தர்ப்பங்கள் சிலவற்றில் உண்மையில் எதுவும் அறுந்திருப்பதில்லை.

ஒரு கல்விச் சுற்றுலாவின்போது நான் பயணம் செய்த வானில் இவ்வாறு பிரேக் எரியும் மணம் எழுந்தது. பழைய துணி கருகுவது போன்ற மணம். பின் ஆசனங்களில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். சாரதி ஒன்றும் பேசாமல் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையொன்றின் முன்னால் ஓரமாக நிறுத்தி, அரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தார். ஒரு மாணவன் போத்தல் தண்ணீரைச் சில்லில் ஊற்றப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார். சூடான இரும்பில் குளிர்நீர் பட்டால் சமச்சீரின்றிச் சுருங்கி வளையவோ வெடிக்கவோ கூடும் என்பதை அவர் எந்த வகுப்பில் படித்தார் என்று தெரியாது, அறிந்திருந்தார். மீண்டும் புறப்பட்டபோது லீவரை டீயில் வைக்கவில்லை. கீழ் கியரில் வைத்து, எஞ்சின் இரைய இரைய மெதுவாக இறக்கினார்.

எஞ்சினே பிரேக்காகும் விதம்

காலை அக்சிலேற்றரிலிருந்து எடுத்ததும் எஞ்சினுக்குள் வளி செல்லும் வழி ஏறக்குறைய மூடப்படுகிறது. சில்லுகள் கியர் வழியாக எஞ்சினைச் சுழற்ற, முசலங்கள் கீழிறங்கும்போது வளி போதாமல் உருளையினுள் அமுக்கம் குறைகிறது. மூடிய ஊசிக்குழாயின் தண்டை வெளியே இழுத்துப் பாருங்கள், கை உணரும் தடை அதுதான். இதனுடன் உள்ளுறுப்புகளின் உராய்வும் எண்ணெய்ப் பம்பி போன்றவற்றை இயக்கும் வேலையும் சேர்கின்றன. இவ்வாறு இழக்கப்படும் சக்தி எஞ்சினில் வெப்பமாகி, குளிராக்கும் நீராலும் வெளியேறும் வளியாலும் அகற்றப்படுகிறது. பெரிய வெப்பத்தை அகற்றுவதற்காகவே எஞ்சின் அமைக்கப்பட்டிருக்கிறது. பிரேக் தட்டு அப்படியன்று. வேலையைத் தாங்கக்கூடியவரிடம் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

எமது உதாரணக் காரின் எஞ்சின் இவ்வாறு 25 நியூற்றன் மீற்றர் எதிர்த்திருப்பத்தைத் தருகிறது எனக் கொள்வோம். சில்லின் ஆரை 0.3 மீற்றர். எஞ்சினிலிருந்து சில்லு வரையுள்ள மொத்தக் கியர் விகிதம் முதலாம் கியரில் 11.2, இரண்டாம் கியரில் 6, நான்காம் கியரில் 2.8.

இரண்டாம் கியரில் சில்லில் கிடைக்கும் திருப்பம் 25 × 6 = 150 நியூற்றன் மீற்றர். வீதியில் அது தரும் எதிர்விசை 150 ÷ 0.3 = 500 நியூற்றன். வேண்டிய 760இல் மீதி 260 நியூற்றன் மாத்திரமே பிரேக்கின் பங்கு. அதே கணிப்பைச் செய்தால் வெப்பநிலை ஏற்றம் 507 பாகையிலிருந்து 173 பாகையாகக் குறைவதைக் காண்பீர்கள். செய்து பாருங்கள்.

நான்காம் கியரில் எதிர்விசை 70 ÷ 0.3 = 233 நியூற்றன்தான். உண்மையில் அதுவும் கிடைப்பதில்லை. அக்கதியில் நான்காம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 890 சுற்றுகளே சுழலும்; அது எஞ்சின் சும்மா ஓடும் கதிக்கு அண்மையானது. எனவே எஞ்சின் நின்றுவிடாமலிருக்கக் கணினி பெற்றோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் கியரில் எஞ்சின் ஏறக்குறைய 1900 சுற்றுகள் சுழல்கிறது. சில்லுகளே அதைச் சுழற்றிக்கொண்டிருப்பதால், ஊசித் தெளிப்பு முறையில் இயங்கும் தற்கால எஞ்சின்களில் பெற்றோல் முற்றாக நிறுத்தப்படும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிட வேண்டும். இறக்கத்தில் லீவரை என்னில், அதாவது நியூட்டரலில் விட்டால் பெற்றோல் மிச்சம் என்று அனுபவமுள்ள சாரதிகள்கூடச் சொல்வதுண்டு. மேற்கூறியபடி, கியரில் இருக்கும்போதுதான் பெற்றோல் நிறுத்தப்படுகிறது. நியூட்டரலில் எஞ்சின் சுயமாக ஓட வேண்டியிருப்பதால் பெற்றோல் செலவாகிறது. அத்துடன் எஞ்சினின் எதிர்விசை முழுவதும் இல்லாமற் போய், 760 நியூற்றனும் பிரேக்கின் தலையில் விழுகிறது. எஞ்சினையே நிறுத்திவிட்டு உருட்டுவது இன்னும் கொடியது. சற்று நேரத்தில் பிரேக் மிதிக்கான உதவியும் ஸ்ரேரிங்குக்கான உதவியும் அற்றுப்போகும்.

பயன்படுத்தும் முறை

இறக்கம் தொடங்குவதற்கு முன்னரே, கதியைப் பிரேக்கினால் குறைத்துக்கொண்டு, லீவரை டீயிலிருந்து எம்முக்கு நகர்த்த வேண்டும். காரை நிறுத்தத் தேவையில்லை. பின் − பக்கம் ஒரு தடவை தட்டினால் ஒரு கியர் இறங்கும். + பக்கம் தட்டினால் ஒன்று ஏறும். எந்தக் கியரில் இருக்கிறோம் என்பது சாரதியின் முன்னுள்ள திரையில் எண்ணாகத் தோன்றும். லீவரை முன்னே தள்ளினால் கூடுமா குறையுமா என்பது எல்லாக் கார்களிலும் ஒன்றல்ல. பல கார்களில் முன்னே +, மஸ்டா, பீ.எம்.டபிள்யூ. போன்றவற்றில் முன்னே −. ஸ்ரேரிங்கின் தகடுகளில் வழக்கமாக வலது +, இடது −.

பிரேக்கை எப்போதாவது தொட்டால் போதும் என்ற நிலையில் கார் தன் கதியைத் தானே காத்துக்கொண்டு இறங்கினால், அதுவே சரியான கியர். தொடர்ந்து மிதிக்க வேண்டியிருந்தால் இன்னும் ஒன்று குறைக்க வேண்டும். அக்சிலேற்றரை மிதிக்க வேண்டியிருந்தால் ஒன்று கூட்ட வேண்டும். இரைச்சல் கூடுவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எஞ்சின் தாங்கக்கூடிய எல்லையைக் கடக்கும்படி கியரைக் குறைக்கச் சொன்னால் கணினி அக்கட்டளையை ஏற்காது. நிற்கும் அளவுக்குக் கதி குறைந்தால் தானே முதலாம் கியருக்கு வந்துவிடும். ஆகவே எம் நிலையில் இருந்தாலும் கார் முற்றிலும் சாதாரணக் கியர்க் காராகி விடுவதில்லை. சாரதி கேட்கிறார், கணினி ஆராய்ந்து கொடுக்கிறது.

நீண்ட ஏற்றத்திலும் இம்முறை பயன்படும். டீயில் இருக்கும்போது மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் கார் மாறிமாறித் தடுமாறினால், மூன்றில் நிறுத்தி வைக்கலாம்.

எம் இல்லாத காரில் என்ன செய்வது? பழைய கார்களில் 2, எல் என்ற நிலைகள் இருக்கும். அவையும் கீழ் கியரைப் பிடித்து வைப்பவையே. ரொயோட்டா பிரியஸ் போன்ற கலப்பு வாகனங்களில் பீ என்ற நிலை எஞ்சின் தடையைக் கூட்டுகிறது. பார்வைக்கு இதன் ஆங்கில எழுத்து வேறு, தரிப்பின் எழுத்து வேறு. தமிழில்தான் இரண்டும் ஒன்றாக ஒலிக்கின்றன. பட்டியும் கப்பிகளும் கொண்ட படியற்ற கியர்த்தொகுதிகளில் உண்மையான கியர்ப் படிகளே இல்லை. அங்கு − தட்டும்போது கணினி கப்பிகளின் விகிதத்தை ஒரு படி போல மாற்றிப் பிடித்துவைக்கிறது. விளைவு ஒன்றுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, எஞ்சினால் கதி குறையும்போது பின்புறச் சிவப்பு பிரேக் விளக்கு எரியாது. பின்னால் பஸ் நெருங்கி வந்தால் மிதியை இலேசாகத் தொட்டு அறிவிக்க வேண்டும். இரண்டாவது, எஞ்சினின் தடை இயக்கும் சில்லுகளில் மாத்திரமே தாக்குகிறது. மழையில் வழுக்கும் வளைவின் நடுவில் சடுதியாகக் கியரைக் குறைத்தால் அச்சில்லுகள் பிடி நழுவலாம். கியரைக் குறைப்பது வளைவுக்கு முன்னரே நடக்க வேண்டும். அவசரமாக நிறுத்துவதற்கு எப்போதும் பிரேக்கே உரியது.

மாதிரி வினா

மேற்கூறிய கார் மணிக்கு 72 கிலோமீற்றர் கதியில் இறங்கும்போது சாரதி முதலாம் கியரைக் கேட்கிறார். எஞ்சினின் எல்லை நிமிடத்துக்கு 6000 சுற்றுகள். கணினி அதை ஏற்குமா? இரண்டாம் கியரைக் கேட்டிருந்தால்?

விடை: காரின் கதி செக்கனுக்கு 20 மீற்றர். சில்லின் சுற்றளவு 2 × 22/7 × 0.3 = 1.886 மீற்றர். சில்லு செக்கனுக்கு 20 ÷ 1.886 = 10.6 சுற்றுகள், நிமிடத்துக்கு 636 சுற்றுகள் சுழலும். முதலாம் கியரில் எஞ்சின் 636 × 11.2 = 7123 சுற்றுகள் சுழல வேண்டிவரும்; எல்லையை மீறுவதால் கணினி ஏற்காது. இரண்டாம் கியரில் 636 × 6 = 3816 சுற்றுகள்; ஏற்கும். முதலாம் கியர் வேண்டுமாயின் சாரதி முதலில் பிரேக்கினால் கதியை மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீற்றருக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அந்த 60 என்ற எண் எவ்வாறு வந்தது என்பதை நீங்களே கணித்துக் காட்டுக.